வீட்டிலிருந்தே இண்டர்வியூ: கம்ப்யூட்டரைத் தயார் செய்வது எப்படி?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திட்டக்குடியிலிருந்து என் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இண்டர்வியூ. சென்னைக்கு வர வேண்டாமாம். வீடியோ காலில்தானாம். லிங்க் அனுப்பியிருக்காங்க. நான் என்ன பண்ணணும்?" என்றாள். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். ஆனால் வீட்டிற்கு லேப்டாப் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "படிக்க வேண்டியதை எல்லாம் படிச்சிட்டேன்" என்று வேறு சொன்னாள்.

அது போதாது என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். அந்த அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் 2019ல் இன்ஜினியரிங் முடித்தேன். வேலை தேடிக் கொண்டிருந்தபோது 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை, ரயில் இல்லை. அதுவரை நேரில் நடந்து வந்த இண்டர்வியூக்கள் எல்லாம் ஒரே வீச்சில் கம்ப்யூட்டர் திரைக்கு மாறின. அந்த ஆண்டு டிசம்பரில் ஐஐடி மெட்ராஸின் கேம்பஸ் இண்டர்வியூக்களே முழுவதும் ஆன்லைனில்தான் நடந்தன. எனக்கு ஜூன் மாதம் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தது. போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு வெப் கேமரா இரவல் வாங்கினேன். போனுடன் வந்த இயர்போனை கம்ப்யூட்டரின் பச்சை நிறத் துளையில் செருகினேன். பாட்டு போட்டுப் பார்த்தேன். நன்றாகக் கேட்டது. எல்லாம் தயார் என்று நினைத்தேன்.

இண்டர்வியூ தொடங்கியது. எதிரில் இருந்த மூவர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் பேசியது அவர்களுக்குக் கேட்கவே இல்லை. என் வாய் அசைவதை அவர்கள் பார்த்துக் கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். நான் வயரை அசைத்தேன், கழற்றி மாட்டினேன், இன்னும் உரக்கப் பேசினேன். கடைசியில் சாட் பகுதியில் டைப் செய்து, போனில் மீண்டும் இணைந்தபோது எனக்கு ஒதுக்கப்பட்ட 20 நிமிடத்தில் 14 நிமிடம் போய்விட்டது. மீதி 6 நிமிடம் நான் உளறியதை இங்கே எழுத வேண்டாம். அந்த வேலை கிடைக்கவில்லை.

அன்று நான் செய்த தவறு என்ன என்பது பல நாள் கழித்துத்தான் புரிந்தது. போன் இயர்போனின் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். இடது காது, வலது காது, மைக், எர்த் என்று நான்கு இணைப்புகளும் அந்த ஒரே பின்னில் வருகின்றன. பழைய டெஸ்க்டாப்பில் பச்சைத் துளை ஒலி கேட்க மட்டும், இளஞ்சிவப்புத் துளை மைக்கிற்கு மட்டும். இயர்போனைப் பச்சையில் செருகினால் காது வேலை செய்யும், மைக் வேலை செய்யாது. சிவப்பில் செருகினாலும் பயனில்லை. இரண்டையும் பிரித்துத் தரும் ஒய் வடிவ ஸ்ப்ளிட்டர் கேபிள் ஒன்று வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் குறைந்த விலைக்கே கிடைக்கும். நான் இரவல் வாங்கிய கேமராவிலோ மைக் கிடையாது. ஆக, அன்று என் கம்ப்யூட்டரில் மைக் என்ற ஒன்றே இல்லை. இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் ஒரே துளைதான் உள்ளது. அதில் போன் இயர்போனை அப்படியே பயன்படுத்தலாம். டெஸ்க்டாப் வாங்கியிருப்பவர்கள் இதை மறக்காமல் சோதித்திடவும்.

இப்போது சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் இருக்கிறேன். சில சமயம் இண்டர்வியூ எடுக்கும் குழுவில் என்னையும் உட்கார வைக்கிறார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. படம் மங்கலாக இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. சட்டை நிறம் நினைவில் நிற்பதில்லை. குரல் விட்டு விட்டு வந்தால் மட்டும், ஐந்தாவது நிமிடத்தில் கேட்பவருக்கு அலுப்பு வந்துவிடுகிறது. "மீண்டும் சொல்லுங்கள்" என்று இரண்டு முறை கேட்பார். மூன்றாம் முறை கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். நீங்கள் சொன்ன நல்ல பதில் காற்றோடு போயிருக்கும். எனவே வீடியோ இண்டர்வியூவிற்குத் தயாராகும்போது முதல் கவனம் ஒலிக்கு. மற்றவை பிறகு.

என் அப்பா விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் வேலை பார்த்தவர். சூளையிலிருந்து எடுத்த பீங்கான் சாமானைக் கண்ணால் பார்ப்பதோடு விடமாட்டார். விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். நல்லது என்றால் கணீர் என்று வரும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் அடைத்தது போல இருக்கும். நம் கம்ப்யூட்டரையும் இப்படிச் சுண்டிப் பார்க்க வேண்டும்.

குரல் எப்படிப் போகிறது?

யூடியூப்பில் சினிமா தடையின்றி ஓடுகிறதே, வீடியோ கால் மட்டும் ஏன் திக்குகிறது என்று பலர் கேட்கிறார்கள். சினிமா ஓடும்போது அடுத்த சில விநாடிகளுக்கான காட்சி முன்கூட்டியே உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. நடுவில் இன்டர்நெட் இரண்டு விநாடி தடுமாறினாலும் சேர்த்து வைத்ததிலிருந்து ஓடும். பேச்சை அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. நீங்கள் இன்னும் பேசவே இல்லையே! உங்கள் குரல் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவிலான சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, பொட்டலம் பொட்டலமாக அனுப்பப்படுகிறது. தாமதமாக வந்து சேரும் பொட்டலத்தை எதிர்ப்பக்கக் கம்ப்யூட்டர் காத்திருந்து வாங்காது. தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்துக் கொள்ளும். அப்படி எறியப்பட்டவைதான் உங்கள் பேச்சில் விழும் ஓட்டைகள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு வகுத்துள்ள அளவு.

இன்னொன்று. கடைக்காரர் உங்களுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும்போது சொல்லும் வேகம் பெரும்பாலும் டவுன்லோட் வேகம். இண்டர்வியூவில் உங்களுக்கு முக்கியம் அப்லோட் வேகம். உங்கள் முகமும் குரலும் அந்த வழியாகத்தான் வெளியே போகின்றன. பிரவுசரில் ஸ்பீட் டெஸ்ட் என்று தேடி ஏதாவது ஒரு சோதனைத் தளத்தைத் திறந்திடுங்கள். பிங், டவுன்லோட், அப்லோட் என்று மூன்று எண்கள் கிடைக்கும். ஜூம் நிறுவனம் தரும் கணக்குப்படி, இருவர் பேசும் நல்ல தரமான வீடியோவிற்கு அப்லோடிலும் டவுன்லோடிலும் தலா 600 கேபிபிஎஸ் தேவை. இன்னும் துல்லியமான 720பி படத்திற்கு 1.2 எம்பிபிஎஸ். குரலுக்கு மட்டும் என்றால் 60 முதல் 80 கேபிபிஎஸ் போதும்.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். படத்திற்குத் தேவைப்படுவதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் குரலுக்குத் தேவை. எனவே நடுவில் இணைப்பு தடுமாறினால், பதறி வெளியேறி மீண்டும் நுழைவதைவிட, "இணைப்பு சரியில்லை, கேமராவைச் சற்று நேரம் அணைத்துக் கொள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டு அணைத்து விடலாம். குரல் பெரும்பாலும் உடனே தெளிந்துவிடும். இப்படிக் கேட்கும் விண்ணப்பதாரரைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. பிரச்சினையைக் கையாளத் தெரிந்தவர் என்று அர்த்தம்.

மைக்கைச் சோதித்தல்

விண்டோஸ் 11 இயங்கும் கம்ப்யூட்டரில், விண்டோஸ் கீயுடன் ஐ எழுத்துக்கான கீயைச் சேர்த்து அழுத்துங்கள். செட்டிங்ஸ் விண்டோ கிடைக்கும். இதில் சிஸ்டம், பின்னர் சவுண்ட் என்று செல்லவும். இன்புட் என்ற பிரிவில் உங்கள் கம்ப்யூட்டர் அறிந்துள்ள மைக்குகள் பட்டியலிடப்பட்டிருக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் நீங்கள் பயன்படுத்தப் போவதைத் தேர்ந்தெடுத்து அதன் மீது கிளிக் செய்திடவும். அங்கே ஸ்டார்ட் டெஸ்ட் என்ற பட்டன் இருக்கும். அதனை அழுத்திப் பேசினால் நீலக் கோடு ஒன்று ஏறி இறங்க வேண்டும். கோடு அசையவில்லை என்றால் 2020ல் நான் இருந்த நிலையில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

கோடு அசைகிறது, ஆனாலும் ஜூமிலோ கூகுள் மீட்டிலோ குரல் போகவில்லை என்றால் அனுமதி மறுக்கப்பட்டிருக்கலாம். செட்டிங்ஸ் விண்டோவில் பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி சென்று மைக்ரோபோன் என்பதில் கிளிக் செய்திடவும். அங்குள்ள ஸ்விட்சுகள் ஆன் நிலையில் இருக்க வேண்டும். பட்டியலின் கீழாக, டெஸ்க்டாப் ஆப்ஸ் என்று தனியாக ஒரு ஸ்விட்ச் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. இதே போல கேமராவிற்கும் பார்த்துக் கொள்ளவும். குரோம் பிரவுசர் வழியாக மீட்டிங்கில் சேர்பவர்கள், முகவரிக் கட்டத்தின் இடது ஓரத்தில் உள்ள சிறிய ஐகானில் கிளிக் செய்தால் அந்தத் தளத்திற்கு மைக், கேமரா அனுமதி உள்ளதா என்று தெரியும். முதல் முறை கேட்கும்போது அவசரத்தில் 'பிளாக்' அழுத்தியிருந்தால் அது அப்படியே நினைவில் வைத்துக் கொள்ளும். தானாக மறுபடி கேட்காது.

புளூடூத் இயர்போன் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாட்டுக் கேட்கும்போது அருமையாக ஒலிக்கும் அதே சாதனம், மைக்கையும் பயன்படுத்தும்போது வேறு நிலைக்கு மாறி ஒலித்தரம் இறங்கிவிடும். நடுவில் சார்ஜ் தீர்ந்தால் அதோடு போயிற்று. வயர் உள்ள இயர்போன்தான் நம்பகமானது. அழகாக இல்லை என்று யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள்.

மைக் வாய்க்கு அருகில் இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. தூரம் பாதியானால் மைக்கை அடையும் உங்கள் குரல் ஏறத்தாழ இரட்டிப்பு வலுவாகிறது. வெளிச் சத்தமோ அப்படியே இருக்கும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி முழங்கும் தெருவில் இருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஜூம், டீம்ஸ் போன்றவற்றில் பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் வசதியும் உள்ளது. ஆனால் அதை மிக உயர்ந்த நிலையில் வைத்தால் உங்கள் குரலையும் சேர்த்து அரித்துவிடும். சீலிங் பேன் சத்தத்தை இவை ஓரளவு நீக்கிவிடுகின்றன. குக்கர் விசிலை நீக்குவது அம்மாவின் கையில்.

கரண்ட் போனால்?

எங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. துணை மின் நிலையப் பராமரிப்புப் பணிக்காக, குறிப்பிட்ட நாளில் காலை முதல் பல மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்படும் என்று தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் முன்கூட்டியே அறிவிக்கிறது. செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் சின்னதாக வரும். இண்டர்வியூ தேதி தெரிந்ததும் அந்தப் பக்கத்தைத் தினமும் பார்த்து வாருங்கள். சந்தேகம் இருந்தால் மின்னகம் சேவை மைய எண் 94987 94987 ஐ அழைத்துக் கேட்கலாம்.

லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்று நினைப்பீர்கள். லேப்டாப் ஓடும், வைபை ரூட்டர் ஓடாது. ரூட்டருக்கென்றே சிறிய யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைக் குறித்துக் கொண்டு போகவும். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். இதை வாங்கினாலும் ஒரு சிக்கல் மிச்சம். சில இடங்களில் கேபிள்காரர் தெருவில் வைத்திருக்கும் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். அது நின்றால் உங்கள் ரூட்டரில் விளக்கு மட்டும் எரியும், இன்டர்நெட் வராது.

எனவே மாற்று வழியாக மொபைல் போனைத் தயாராக வைத்திருப்பதே நல்லது. ஹாட்ஸ்பாட் போடுவதைவிட, சார்ஜ் செய்யும் யுஎஸ்பி கேபிளால் போனையும் லேப்டாப்பையும் இணைத்து, போனின் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்திடவும். வைபை குறுக்கீடு எதுவும் இருக்காது. போனும் லேப்டாப்பிலிருந்து சார்ஜ் ஏறிக் கொண்டிருக்கும். வீட்டில் உள்ள இரண்டு மூன்று போன்களில் எந்த நிறுவன சிம் எந்த அறையில் நன்றாக எடுக்கிறது என்று முன்பே பார்த்து வையுங்கள். அதையும் இண்டர்வியூ நடக்கும் அதே மணி நேரத்தில் பாருங்கள். காலை ஆறு மணிக்குப் பறக்கும் மொபைல் இன்டர்நெட் பகல் பதினொரு மணிக்குத் தவழும்.

எவ்வளவு டேட்டா ஆகும்? மேலே சொன்ன 600 கேபிபிஎஸ் இரு பக்கமும் என்றால் விநாடிக்கு 1,200 கிலோபிட். 3,600 விநாடியால் பெருக்கி, பிட்டை பைட்டாக்க எட்டால் வகுத்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 540 எம்பி. தினமும் 1.5 ஜிபி கிடைக்கும் திட்டத்தில் இது தாராளமாகப் போதும். காலையில் தம்பி அந்த போனில் ரீல்ஸ் பார்க்காமல் இருந்தால்!

கரண்ட் இருந்தாலும் சில விஷயங்கள் இணைப்பைத் தின்றுவிடும். வீட்டில் உள்ள மற்ற போன்கள் போட்டோக்களை கூகுளுக்கு அனுப்பிக் கொண்டிருக்கும். அதுவும் அப்லோட்தான். விண்டோஸ் அப்டேட் பெரிய கோப்பை இறக்கிக் கொண்டிருக்கும். மோசமான நேரத்தில் ரீஸ்டார்ட் கேட்கும். இரண்டு நாள் முன்பே செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் சென்று, காத்திருக்கும் அப்டேட்களை எல்லாம் முடித்து, கம்ப்யூட்டரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பாஸ் என்ற இடத்தில் ஒரு வாரம் நிறுத்தி வைக்கவும். இண்டர்வியூ முடிந்ததும் மறக்காமல் மீண்டும் இயக்கிவிடுங்கள். முடிந்தால் ரூட்டரிலிருந்து லேன் கேபிள் போட்டுக் கொள்ளுங்கள். சுவர்களைத் தாண்டி வரும் வைபையைவிட அது உறுதியானது.

கேமராவும் வெளிச்சமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது. கேமரா மொத்தப் படத்தின் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைச் சரி செய்துகொள்ளும். பின்னால் ஜன்னல் பளீரென்று இருந்தால் படத்தைக் குறைத்துவிடும், உங்கள் முகம் நிழலாகிவிடும். ஜன்னல் முன்னால் இருக்கட்டும். லேப்டாப்பின் கீழே நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கி கேமராவைக் கண் உயரத்திற்குக் கொண்டு வாருங்கள். லென்ஸை மெல்லிய துணியால் துடைத்திடவும். படமே வரவில்லை என்றால் முதலில் லென்ஸின் மீதுள்ள சிறிய தள்ளு மூடியைப் பாருங்கள். இதற்காகவே சர்வீஸ் கடைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். கேமரா ஆப் ஒன்று பின்னணியில் திறந்திருந்தால் அதை மூடுங்கள். ஒரு புரோகிராம் பிடித்துவைத்த கேமராவை மற்றொன்றுக்குப் பெரும்பாலும் தராது.

அடுத்தது பெயர். மீட்டிங்கில் உங்கள் படத்தின் கீழே தெரியும் பெயர் அந்தக் கணக்கில் உள்ளதுதான். குடும்பம் முழுவதும் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால், இண்டர்வியூ எடுப்பவர் திரையில் தாத்தா பெயரோ தம்பி விளையாட்டுக்கு வைத்த பெயரோ தோன்றும். ஒருமுறை எங்கள் முன் ஒரு பெண் விண்ணப்பதாரர் 'கில்லர் ராஜா' என்ற பெயரில் வந்து நின்றார். நாங்கள் சிரிக்கவில்லை, ஆனால் அவர் பாவம், பாதி நேரம் அதற்கு மன்னிப்புக் கேட்டுக் கொண்டிருந்தார்.

திரையைப் பகிரச் சொன்னால், முழுத் திரையையும் தராமல், கேட்கப்பட்ட விண்டோவை மட்டும் தேர்ந்தெடுக்கவும். வாட்ஸ் அப்பை மூடிவிட்டு உட்காருங்கள்.

பார்த்துப் படிக்கலாமா? கேமராவின் பக்கத்தில் ஒரு தாளில் நான்கு சொற்கள் எழுதி ஒட்டிக் கொள்வதில் தவறில்லை. முழுப் பதிலையும் திரையில் வைத்துப் படித்தால் கண் இடமிருந்து வலமாக நகர்வது எங்களுக்குத் தெரியும். இப்போது ஏஐ சாப்ட்வேரிடம் கேட்டுக் கேட்டுப் பதில் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மௌனம் இருந்தால் சந்தேகம் வந்துவிடும். கூகுள் நிறுவனத்தின் சுந்தர் பிச்சை, 2025 ஜூனில் ஒரு பேட்டியில், குறைந்தது ஒரு சுற்றையாவது நேரில் நடத்துவதை மீண்டும் கொண்டு வருவதாகச் சொன்னார். திரையில் ஏமாற்றி உள்ளே போனாலும் அடுத்த சுற்றில் நேரில் உட்கார வேண்டியிருக்கும்.

அழைப்பு உண்மையானதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தப் பகுதியை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். வேலை தருகிறேன் என்று வீடியோ காலில் வருபவர்கள் எல்லாரும் வேலை தருபவர்கள் அல்ல. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்பிற்கு முன்பணம் என்று எதைக் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடவும். எனிடெஸ்க் போன்ற சாப்ட்வேரை இறக்கச் சொன்னால் உங்கள் கம்ப்யூட்டரை அவர்கள் கையில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள் என்று பொருள். ஸ்கைப்பில் இண்டர்வியூ என்று தகவல் வந்தால் கூடுதல் கவனம் தேவை. 2003ல் வந்த ஸ்கைப்பை மைக்ரோசாப்ட் 2025 மே 5 அன்று மூடிவிட்டது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவும்.

பணத்தோடு முடியாத ஏமாற்றும் உண்டு. தாய்லாந்தில் ஐடி வேலை என்று சொல்லி இந்திய இளைஞர்களை வரவழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டு சென்று அடைத்து வைப்பதாக 2022 செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த மாதமே அப்படிச் சிக்கிய 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளைத்தான் அந்தக் கும்பல்கள் தேடின. எனவே அழைப்பு வந்ததும், நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களாகத் தேடித் திறந்து, அதில் உள்ள எண்ணில் பேசி உறுதி செய்திடவும். மெயிலில் அவர்கள் தந்த எண்ணில் அல்ல.

ஒத்திகை

ஜூமில் டெஸ்ட் மீட்டிங் வசதி உள்ளது. டீம்ஸில் டிவைசஸ் பிரிவில் டெஸ்ட் கால் செய்யலாம். உங்கள் குரலை உங்களுக்கே திருப்பிப் போட்டுக் காட்டும். இவற்றைச் செய்துவிட்டு, வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் அரை மணி நேரமாவது பேசிப் பாருங்கள். அடுத்த அறையில் அதே வைபையில் இருப்பவரிடம் பேசினால் உண்மை நிலை தெரியாது. எதிரில் உள்ளவர் பேசி முடித்ததும் ஒரு விநாடி பொறுத்துப் பேசத் தொடங்கும் பழக்கத்தை அப்போது வரவழைத்துக் கொள்ளலாம். தாமதம் காரணமாக இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் நிறுத்தி, மீண்டும் இருவரும் பேசும் கூத்து இதனால் குறையும்.

அக்கா மகளுடன் நான் மூன்று இரவு ஒத்திகை பார்த்தேன். முதல் இரவு அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. இயர்போன் மாட்டியிருந்தாள். ஆனால் ஜூம் அவளுடைய லேப்டாப்பின் மைக்கைத்தான் எடுத்துக் கொண்டிருந்தது. மைக் படத்தின் அருகில் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தி மாற்றச் சொன்னேன். அடுத்த நொடி "இப்ப கேக்குதா மாமா?" என்றது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போலக் கணீரென்று வந்தது.

வியாழக்கிழமை காலை செய்தித்தாளில் மறுநாள் மின் தடைப் பகுதிகளின் பட்டியலில் எங்கள் தெருவும் இருந்தது. அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். "நீ சும்மா இரும்மா" என்று மகள் அதட்டியது எனக்குப் போனில் கேட்டது. வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்கே லேப்டாப் முழு சார்ஜில், மாடி அறையில், அத்தானின் போன் யுஎஸ்பி கேபிளில் தொங்க உட்கார்ந்துவிட்டாள். நிறுவனத்திற்கு முன்தினமே ஒரு மெயில் அனுப்பச் சொல்லியிருந்தேன். "எங்கள் பகுதியில் நாளை மின் தடை உள்ளது. மொபைல் இணைப்பில் கலந்துகொள்கிறேன். துண்டிக்கப்பட்டால் இந்த எண்ணில் அழைக்கவும்" என்று மூன்று வரி. பன்னிரண்டாவது நிமிடத்தில் படம் உறைந்து நின்றதாம். கேட்டுவிட்டு கேமராவை அணைத்திருக்கிறாள். மீதி 25 நிமிடமும் குரலிலேயே நடந்திருக்கிறது.

அடுத்த சுற்று நேரில், சென்னையில். வரும் செவ்வாய்க்கிழமை விருத்தாசலத்தில் ரயில் ஏறுகிறாள். நேற்று இரவு போன் செய்து, "மாமா, நேரில் போகும்போது எதைச் சோதிக்கணும்?" என்று கேட்டாள். சான்றிதழ்களின் ஒரிஜினலை எடுத்து வைத்தாயா என்று கேட்டேன்.